ஒரு சைபரின் விலை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிளவுஸ் மாட்டி ரிங்கில் ஏறியவன் இல்லை. ஆம்பூர் பக்கத்திலிருந்து பி.காம். படிக்கப் போய்வருகிற சாதாரண ஆசாமி. ஆனால் தொழில்முறை குத்துச்சண்டையில் எனக்குப் பிடித்த பகுதியே ரிங்குக்கு வெளியில் நடப்பதுதான். யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்கிற வேலை.

கிரிக்கெட்டில் அட்டவணை இருக்கிறது. கபடியில் லீக் இருக்கிறது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவரோடு மோதியே ஆகவேண்டும். தொழில்முறை குத்துச்சண்டையில் அப்படி இல்லை. எதிராளியை நாமே தேடிப் பிடித்து, சம்பளம் பேசி, டிக்கெட் போட்டுக் கூட்டி வரலாம். பரீட்சை எழுதுகிற பையனே கேள்வித்தாளையும் எடுப்பது மாதிரி!

"அப்படின்னா எல்லாம் ஃபிராடுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. "பையன் இன்னும் ஒரு ஃபைட் கூடத் தோற்கலை தெரியுமா?" என்று வாய் பிளப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே பாதிதான் சரி என்பது என் கட்சி. ஆரம்பத்தில் சுலபமான எதிராளியைக் கொடுப்பது ஃபிராடு இல்லை, அவசியம். ஆனால் தோல்விக் கட்டத்தில் இருக்கிற அந்த சைபரை ஒரு சொத்தாக நினைத்துப் பொத்திப் பொத்திக் காப்பாற்ற ஆரம்பித்தால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கட்டுவது மேனேஜரோ புரமோட்டரோ இல்லை. ரிங்கில் நிற்கிற பையன்.

நம்ம ஊர் உதாரணத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

விஜேந்தர் சிங்கின் பேரேடு

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார் விஜேந்தர் சிங். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. 2015ல் தொழில்முறைக்கு மாறினார். அவர் ஹெவிவெயிட் இல்லை, 76 கிலோ சூப்பர் மிடில்வெயிட். ஆனால் எதிராளித் தேர்வு என்ற விஷயம் இந்தியாவில் இவ்வளவு வெளிச்சத்தில் நடந்தது இவர் விஷயத்தில்தான் என்பதால் இதை விட நல்ல பாடம் நமக்குக் கிடையாது.

முதல் சண்டை 2015 அக்டோபர் 10, மான்செஸ்டரில். எதிராளி சன்னி வைட்டிங் அதற்கு முன் ஆடியிருந்தது மொத்தம் 3 சண்டை. 3வது ரவுண்டில் முடிந்தது. அடுத்த மாதம் டப்ளினில் டீன் கில்லன், முதல் ரவுண்டிலேயே காலி. டிசம்பரில் சமேத் ஹியூசெய்னோவ், 2வது ரவுண்டு. 2016 மார்ச்சில் லிவர்பூலில் அலெக்சாண்டர் ஹோர்வாத், 3வது ரவுண்டு. ஏப்ரலில் மத்தியூஸ் ரோயர், 5வது ரவுண்டு. மே மாதம் போல்ட்டனில் ஆந்த்ரே சோல்ட்ரா, 3வது ரவுண்டு. ஏழு மாதத்தில் 6 சண்டை, ஆறிலும் நாக்அவுட்.

இதுவரைக்கும் நான் குறையே சொல்லமாட்டேன். பாடப்புத்தகத்தில் போடலாம். முதலில் புதுமுகங்கள், அப்புறம் கொஞ்சம் அனுபவசாலிகள், இடைவெளி அதிகமில்லை, ஊர் மாறி ஊர் மாறி ஆடுகிற பழக்கம். எல்லாம் சரி.

ஏழாவது சண்டைக்கு 2016 ஜூலை 16 அன்று டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். எதிராளி கெர்ரி ஹோப், ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வைத்திருந்தவர். பத்து ரவுண்டும் முழுசாக ஆட வேண்டியிருந்தது. புள்ளிகளில் ஜெயித்து டபிள்யூ.பி.ஓ. ஆசிய பசிபிக் பட்டத்தை வாங்கினார் விஜேந்தர். என்னைக் கேட்டால் அவருடைய தொழில்முறை வாழ்க்கையின் மிகச் சரியான தேர்வு இந்த கெர்ரி ஹோப்தான். ஜெயிக்க முடிகிற ஆள், ஆனால் சும்மா விழுகிற ஆள் இல்லை. பத்து ரவுண்டு ஆடுகிற மூச்சு நமக்கு இருக்கிறதா என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள்.

அதற்கப்புறம்தான் கணக்கு இடிக்கிறது. 2016 டிசம்பரில் தான்சானியாவின் பிரான்சிஸ் செகா, 3 ரவுண்டு. 2017 ஆகஸ்டில் மும்பையில் சீனாவின் சுல்பிகர் மைமைத்தியாலி, புள்ளிகளில் வெற்றி. டிசம்பரில் ஜெய்ப்பூரில் கானாவின் எர்னஸ்ட் அமுசு, அதுவும் புள்ளிகளில். பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் சண்டையே இல்லை. நடுவில் 2019 மக்களவைத் தேர்தலில் தெற்கு டெல்லியில் நின்று தோற்றார். 2019 ஜூலையில் அமெரிக்காவில் மைக் ஸ்னைடர், வயது 38. நவம்பரில் துபாயில் சார்லஸ் அடாமு, வயது 42. இரண்டும் வெற்றி. 12 சண்டை, 12 வெற்றி, சைபர் பத்திரம்!

எதிராளிகளின் வயதைப் பாருங்கள். மேலே ஏறவேண்டிய ஏணி பக்கவாட்டில் போக ஆரம்பித்துவிட்டது. விஜேந்தருக்கும் வயது ஏறிக்கொண்டே இருந்தது. தொழில்முறைக்கு வந்தபோதே கிட்டத்தட்ட 30.

2021 மார்ச் 19. கோவாவில் மெஜஸ்டிக் பிரைட் என்கிற கேசினோ கப்பலின் மேல்தளத்தில் சண்டை. எதிராளி ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சன். வயது 26, உயரம் 6 அடி 4 அங்குலம். அதுவரை ஆடிய சண்டை 6தான், அதில் 4 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. எண்களை மட்டும் பார்த்தால் விஜேந்தர் ஊதித் தள்ளவேண்டிய ஆள். 5வது ரவுண்டில் விஜேந்தர் எழுந்து நிற்க முடியாத நிலையில் ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார்.

இதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் விஜேந்தரின் அடுத்த எதிராளி கானாவின் எலியாசு சுல்லி. அவர் 8 சண்டையில் 8 வெற்றி, அவரிடமும் சைபர் இருந்தது. இரண்டே ரவுண்டில் விழுந்தார்.

அதாவது சைபர் வைத்திருந்தவர் 2 ரவுண்டில் போய்விட்டார், சைபர் இல்லாத லோப்சன் விஜேந்தரின் சைபரைப் பிடுங்கிக்கொண்டு போனார். இந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? லோப்சனின் உயரம், கை நீளம், இளமை, இழக்க ஒன்றும் இல்லாத துணிச்சல் இதெல்லாம் அந்த 4-1-1 என்கிற வரியில் எங்கே எழுதியிருக்கிறது?

சரி, சுலபமான எதிராளி எதற்கு?

எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வெளிநாட்டு பையர் எடுத்தவுடன் பெரிய ஆர்டர் கொடுத்துவிட மாட்டார். முதலில் சாம்பிள் கேட்பார். அது சரியாக வந்தால் சின்னதாக ஒரு டிரையல் ஆர்டர். தோல் சரியாக வருகிறதா, தையல் நிற்கிறதா, சொன்ன தேதிக்குக் கப்பல் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய ஆர்டர். புதுக் கம்பெனி ஒன்று முதல் மாதமே பெரிய ஆர்டரை வாங்கிப் போட்டால் சரக்கு திரும்பி வந்து கம்பெனியே மூடவேண்டியதுதான். அதே சமயம் பத்து வருடமாக அடுத்தவனுக்கு ஜாப் ஒர்க் மட்டும் செய்துகொண்டு, "எங்க சரக்கு ஒன்னுகூட ரிட்டர்ன் ஆனதில்லை" என்று பெருமை பேசுகிற கம்பெனியும் உருப்படாது. யாரும் அதைச் சோதிக்கவே இல்லையே, எப்படி ரிட்டர்ன் ஆகும்?

குத்துச்சண்டையும் அதேதான். அமெச்சூரில் 3 ரவுண்டு ஆடிப் பழகியவன் 8, 10, 12 ரவுண்டு ஆட மூச்சைப் பங்கு போடக் கற்கவேண்டும். சின்ன கிளவுஸ், டிவி வெளிச்சம், டிக்கெட் வாங்கி வந்து கத்துகிற கூட்டம். இதையெல்லாம் பழக்கிக்கொள்ள சில சண்டை வேண்டும். அந்தச் சில சண்டையில் உயிரோடு விளையாடத் தேவையில்லை.

ஹெவிவெயிட்டில் இது இன்னும் அதிகம். மற்ற எடைப் பிரிவுகளில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எடை. ஹெவிவெயிட் என்றால் 90.7 கிலோவுக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், மேல் வரம்பே கிடையாது. நம்ம பையன் 100 கிலோ, எதிரே நிற்பவர் 125 கிலோ என்றாலும் சட்டப்படி சரி. அந்த எடை பின்னால் இருந்து வருகிற ஒரு குத்து போதும், பத்து வருட உழைப்பு அங்கேயே முடிந்துவிடும். அதனால் ஹெவிவெயிட் பையனை மெதுவாக ஏற்றுவதைக் கோழைத்தனம் என்று சொல்வது விவரம் தெரியாத பேச்சு.

மைக் டைசனையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அவருடைய குத்தைப் பற்றிப் பேசுவார்கள், அவருடைய டைரியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 1985 மார்ச்சில் முதல் சண்டை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 15 சண்டை! முதல் 19 பேரும் நாக்அவுட். பெரும்பாலும் பெயர் தெரியாத ஆட்கள்தான். ஆனால் மேனேஜர்கள் ஜிம் ஜேக்கப்ஸும் பில் கேட்டனும் அதோடு நிற்கவில்லை. 1986 மே 3 அன்று ஜேம்ஸ் டில்லிஸ் என்கிற பழம் தின்று கொட்டை போட்டவரைக் கொண்டுவந்தார்கள். 1981லேயே உலகப் பட்டத்துக்கு ஆடியவர். அவர் நாக்அவுட் ஆகவில்லை. பத்து ரவுண்டும் ஓடியது. அதே மாதம் 20ம் தேதி மிட்ச் கிரீன், மறுபடியும் பத்து ரவுண்டு. அதே வருடம் நவம்பர் 22 அன்று டிரெவர் பெர்பிக்கைச் சாய்த்து 20 வயதில் உலக சாம்பியன். 28வது சண்டை அது.

19 பேரை அடித்து வீழ்த்தியதில் டைசன் தன்னம்பிக்கையைச் சம்பாதித்தார். டில்லிஸும் கிரீனும்தான் அவருக்குப் பாடம் எடுத்தார்கள். குத்து விழுந்தும் ஆள் விழவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்கிற பாடம். பட்டத்துக்குப் போகும் முன் அந்தப் பாடத்தைப் படிக்க வைத்தார்கள் பாருங்கள், அதுதான் மேனேஜ்மென்ட்.

டியான்டே வைல்டர் கதை வேறு மாதிரி. 20 வயதுக்கு அப்புறம்தான் குத்துச்சண்டையே கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர். 2008ல் விஜேந்தர் வாங்கின அதே பெய்ஜிங்கில் இவரும் வெண்கலம். பிறகு 32 சண்டை, 32 நாக்அவுட். எதிராளிகளைப் பார்த்து ரசிகர்கள் கிண்டல் அடித்தார்கள். ஆனால் ரிங்கிலேயே தொழில் கற்க வேண்டிய ஆளுக்கு அந்த நீண்ட பயிற்சிக் காலம் தேவைப்பட்டது. 2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டிவர்னோடு முதல்முறையாக 12 ரவுண்டு முழுசாக ஆடி உலகப் பட்டம் வாங்கினார், 2020 பிப்ரவரி வரை வைத்திருந்தார். ஆக எத்தனை சுலபமான சண்டை என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. ஆளைப் பொறுத்தது.

நம்ம சினிமாவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2021ல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யில் வேம்புலிக்கு முன்னால் கபிலன் யாரைச் சந்திக்கிறான்? டான்சிங் ரோஸை. அந்தக் கால் ஆட்டத்தை அதுவரை அவன் பார்த்ததே இல்லை. முதலில் திணறி, அப்புறம் ரிங்கிலேயே யோசித்து வழி கண்டுபிடிக்கிறான். படம் பார்த்த பாதிப் பேருக்கு வேம்புலியைவிட ரோஸ்தான் மனதில் நிற்கிறார். ஒரு இளம் வீரனுக்குத் தேவையான எதிராளி அந்த மாதிரி ஆள்தான்.

விலை எங்கே விழுகிறது?

இப்போது இந்தப் பதிவை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மகோமெத் அப்துசலாமோவ். ரஷ்யாவின் ஹெவிவெயிட். 18 சண்டை, 18 நாக்அவுட். 2013 நவம்பர் 2 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மைக் பெரெஸ் என்கிற, அவரும் தோற்காத, வீரரோடு மோதினார். முதல் ரவுண்டிலிருந்தே முகத்தில் பலமான அடி. ஆனாலும் பத்து ரவுண்டும் நின்றார், புள்ளிகளில் தோற்றார். சண்டை முடிந்து டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்குப் போனார்கள். மூளையில் ரத்தக் கட்டு. கோமா. உயிர் பிழைத்தார், ஆனால் பழையபடி நடக்கவோ பேசவோ முடியாத நிலை. 2017ல் நியூயார்க் மாநிலம் அவர் குடும்பத்துக்கு 22 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

எதிராளித் தேர்வுதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ரெஃப்ரி, டாக்டர்கள், ஆம்புலன்ஸ் என்று கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒருவன் 18 பேரையும் வீழ்த்திவிட்டு வந்திருக்கிறான். அவன் மூலையில் நிற்கிற ஆட்கள் அவன் அடிப்பதைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். அவன் அடி வாங்கினால் எப்படி இருப்பான்? முகம் எப்படி மாறும்? "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் சொல்வது நிஜமா, ரோஷமா? எந்த இடத்தில் டவலை வீசவேண்டும்? இதெல்லாம் சுலபமான சண்டையில் தெரியாது.

சைபரைக் காப்பாற்றுவதில் இருக்கிற உண்மையான நஷ்டம் இதுதான். நம்ம பையனைப் பற்றிய தகவல் நமக்கே கிடைக்காமல் போகிறது. சின்னச் சின்னத் தவணையில், கெர்ரி ஹோப் மாதிரி, ஜேம்ஸ் டில்லிஸ் மாதிரி ஆட்களிடம் வாங்கியிருக்க வேண்டிய தகவலைக் கடைசியில் ஒரே ராத்திரியில் மொத்தமாக வாங்க வேண்டியிருக்கிறது. அக்கவுண்டன்சியில் இதற்குப் பெயர் இருக்கிறது. வராக்கடனுக்கு ஒதுக்கீடே செய்யாமல் வருடா வருடம் லாபம் காட்டுவது! பேலன்ஸ் ஷீட் பளபளவென்று இருக்கும், ஒருநாள் கம்பெனி இருக்காது. கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி ஆரம்பிக்கலாம். மூளைக்கு அந்த வசதி இல்லை.

யார் பணம், யார் முடிவு?

அப்படியென்றால் ஏன் எல்லோரும் சைபரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? விற்கிறது, அவ்வளவுதான். "தோல்வியே காணாத" என்று போஸ்டரில் போட்டால் டிக்கெட் போகும். 1995 ஆகஸ்டில் சிறையிலிருந்து வந்த டைசனுக்கு முதல் எதிராளி பீட்டர் மெக்னீலி, 36 வெற்றி, 1 தோல்வி. கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? முதல் ரவுண்டிலேயே இரண்டு முறை விழுந்தார், அவர் ஆட்களே உள்ளே புகுந்து நிறுத்தினார்கள். அந்த 36 வெற்றியும் யாரிடம் என்று பணம் கட்டிப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இங்கே மேனேஜருக்கும் புரமோட்டருக்கும் வித்தியாசம் தெரியவேண்டும். புரமோட்டர் ஷோ நடத்துகிற வியாபாரி. அரங்கு நிறையவேண்டும் என்பது அவர் கவலை, அதில் தப்பில்லை. மேனேஜர் வீரனின் ஏஜென்ட். பிசினஸ் லா பேப்பரில் நாம் உருப்போட்ட 1872ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் இருக்கிறதா? முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யக்கூடாது என்று 215, 216 பிரிவுகளில் வருமே, அதேதான். இங்கே முதலாளி பாக்ஸர். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்தால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம். அதனால்தான் அமெரிக்காவில் 2000ல் முகமது அலி பெயரில் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பெரிய சண்டைகளில் மேனேஜருக்குப் புரமோட்டர் தொழிலில் பங்கு இருக்கக்கூடாது, புரமோட்டருக்கு மேனேஜர் தொழிலில் பங்கு இருக்கக்கூடாது.

மேனேஜரே நல்லவராக இருந்தாலும் ரொம்பப் பொத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிளாய்ட் பேட்டர்சன் உதாரணம். அவர் மேனேஜர் கஸ் டமேட்டோ, பிற்காலத்தில் டைசனைக் கண்டெடுத்தவரேதான். பேட்டர்சன் 1956ல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதும் யாரோடு ஆட விட்டார் தெரியுமா? 1957ல் பீட் ரேட்மேக்கர் என்கிற ஒலிம்பிக் சாம்பியனோடு. ரேட்மேக்கருக்கு அது முதல் தொழில்முறை சண்டை! சன்னி லிஸ்டன் பக்கம் மட்டும் டமேட்டோ தலைவைத்துப் படுக்க விடவில்லை. கடைசியில் பேட்டர்சனுக்கே வெட்கமாகிவிட்டது. மேனேஜர் பேச்சைத் தட்டிவிட்டு 1962 செப்டம்பரில் லிஸ்டனோடு ஏறினார். முதல் ரவுண்டிலேயே நாக்அவுட். டமேட்டோவின் பயம் நியாயமானதுதான். ஆனால் நடுவில் ஆறு வருடம் இருந்ததே, அதில் லிஸ்டனுக்குத் தயார் செய்கிற மாதிரி எத்தனை பேரைக் கொடுத்தார் என்பதுதான் என் கேள்வி.

எதிர் மூலையில் நிற்பவரையும் மறக்கக்கூடாது. பர்மிங்காமின் பீட்டர் பக்லி என்பவர் 2008ல் ஓய்வு பெற்றபோது 300 சண்டை ஆடியிருந்தார். அதில் 256 தோல்வி! சிரிக்காதீர்கள். அவர் நாக்அவுட் ஆனது 10 முறை மட்டும்தான். நசீம் ஹமீது மாதிரி பின்னாளில் உலக சாம்பியன் ஆனவர்களுக்கெல்லாம் இளமையில் பாடம் எடுத்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் அடுத்த ஊருக்குப் போனவர். இவர்களை அடிவாங்க வந்த ஆள் என்று கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வாத்தியார்கள் அவர்கள். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பக்லி ஒரு ரகம். தற்காப்பே தெரியாத, உடம்பு தேறாத ஒருவரைக் காசுக்காக ஏற்றிவிடுவது வேறு ரகம். இரண்டாவது குற்றம் என்றுதான் சொல்வேன்.

நம்ம ஊரில் ஒரு ஹெவிவெயிட் பையன் கிடைத்தால்?

இந்தியாவில் ஹெவிவெயிட்டே கிடையாது என்று நினைக்காதீர்கள். உ.பி. புலந்த்ஷஹரைச் சேர்ந்த சதீஷ் குமார்தான் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் சண்டையில் ஜெயித்தார், ஆனால் முகத்தில் வெட்டு, 13 தையல். காலிறுதியில் எதிரே உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ், உலக சாம்பியன். தையலோடு ஏறி, தோற்று, ஜலோலோவ் கையால் தட்டிக்கொடுக்கப்பட்டு இறங்கினார். குலுக்கல் முறையில் இதுதான் நடக்கும். யாரும் உங்களுக்காக எதிராளியை ஒத்திவைக்க மாட்டார்கள். தொழில்முறையில் இருக்கிற பெரிய வசதியே அதுதான், ஒத்திவைக்கலாம். அந்த வசதியை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும்.

என் கையில் அப்படி ஒரு 21 வயதுப் பையன் இருந்தால் (கற்பனைக்குக் காசா பணமா!) நான் இப்படிச் செய்வேன்:

1. முதல் இரண்டு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு சண்டை. இந்தியாவில் தொழில்முறை ஹெவிவெயிட்டுகள் சொற்பம் என்பதால் விஜேந்தர் போனது மாதிரி பிரிட்டன் பக்கம் போய்த்தான் ஆகவேண்டும். பக்லி மாதிரி வாத்தியார்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

2. ஒவ்வொரு எதிராளிக்கும் எதிரே ஒரு வரி எழுதி வைப்பேன். "இவரிடம் என்ன கற்கிறோம்?" உயரமான ஆள், இடக்கை ஆள், முட்டி மோதி உள்ளே வருகிற ஆள், ஓடி ஓடி ஆடுகிற ஆள், விழவே மாட்டேன் என்கிற ஆள். அந்த வரி காலியாக இருந்தால் அந்தச் சண்டை வேண்டாம்.

3. நாலாவது ரவுண்டைத் தாண்டாமல் தொடர்ந்து ஐந்து சண்டை போனால் சந்தோஷப்பட மாட்டேன், கவலைப்படுவேன். அடுத்த ஆள் விழாத ஆளாக இருக்கவேண்டும்.

4. வருடக்கணக்கில் இடைவெளி விடமாட்டேன். விஜேந்தருக்கு லோப்சனைவிடப் பெரிய எதிராளி அதற்கு முந்தைய 16 மாதச் சும்மா இருப்புதான் என்பது என் எண்ணம்.

5. கடைசி நேரத்தில் எதிராளி மாறினால் சண்டையையே தள்ளிவைப்பேன். 2019 ஜூனில் ஆன்டனி ஜோஷுவா மோதவேண்டியது ஜாரெல் மில்லரோடு. அவர் ஊக்கமருந்து சோதனையில் மாட்டியதும் பதிலுக்கு ஆண்டி ரூயிஸ் வந்தார். தொப்பையைப் பார்த்து உலகமே சிரித்தது. நாலு முறை ஜோஷுவாவைக் கீழே தள்ளிப் பட்டத்தைக் கொண்டுபோனார் மனிதர். வேகமான கை தொப்பைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

6. எப்போது நிறுத்துவது என்பதைச் சண்டைக்கு முந்தைய நாளே பேசி முடிவு செய்து, மூலையில் ஒருவருக்கு மட்டும் அந்த அதிகாரத்தைக் கொடுப்பேன். அந்த ஒருவருக்கு டிக்கெட் வசூலில் பங்கு இருக்கக்கூடாது.

7. தோற்றால்? அடுத்த வாரம் உட்கார்ந்து வீடியோ பார்ப்போம். ஜோஷுவா அதே வருடம் டிசம்பரில் ரூயிஸை ஜெயித்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். ஒரு தோல்வியோடு உலகம் முடிவதில்லை.

பிரிட்டனில் மோசஸ் இடவுமா என்று ஒரு ஹெவிவெயிட் இருக்கிறார். 2004 டிசம்பரில் பிறந்தவர், ஏறக்குறைய நம்ம வயசு. 2025 ஆகஸ்டில் டிலியன் வைட் என்கிற அனுபவசாலியை முதல் ரவுண்டிலேயே முடித்தார். உடனே "அடுத்து சாம்பியன்தான்" என்று ஒரு கூட்டம், "வைட்டுக்கு வயசாகிப்போச்சு, இதெல்லாம் கணக்கில் வராது" என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. இந்தப் பையனுக்கு ஒரு ஜேம்ஸ் டில்லிஸ் எப்போது வருவார் என்றுதான் தோன்றியது. அவரை நல்ல நேரத்தில், நல்ல இடத்தில், நாமே தேடிக் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் பயிற்சி. நாம் தேடாவிட்டாலும் அவர் எப்படியும் ஒருநாள் வந்து நிற்பார், கோவாவில் லோப்சன் வந்து நின்ற மாதிரி.